மகள் ரைப் செய்த கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 48 வயது. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் தரம் 6 முதல் 9 வரை புவியியல் படிப்பிக்கிறேன். தொண்டராசிரியராகத் தொடங்கி 24 வருடங்கள் ஆகின்றன. இடம்பெயர்ந்த காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் படிப்பித்திருக்கிறேன். போன வருடம் எங்கள் பாடசாலைக்கு ஒரு பெரிய ஸ்மார்ட் ரீவியும் லப்ரொப்பும் வந்தன. வாரத்தில் இரண்டு பாடமாவது அதில் நடத்த வேண்டும் என்கிறார் அதிபர். கல்வி வலயத்தில் மூன்று நாள் பயிற்சி தந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொரோனாக் காலத்தில் பாடக்குறிப்பைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டதோடு என் அறிவு முடிந்தது. கணினி படிப்பிக்கும் சேர் என்னிடமே படித்தவர். அவரிடம் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இந்தத் திரை இல்லாத சின்னப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

– ஓர் ஆசிரியை

பி.கு.: எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். இதையும் மகள்தான் ரைப் செய்து தருகிறாள். இரவு பதினொன்றரை ஆகிவிட்டது, அவளுக்கு இந்த வருடம் உயர்தரப் பரீட்சை. சொல்லித் தா என்றால் "அம்மாவுக்கு விளங்காது, தாங்கோ" என்று வாங்கித் தானே செய்துவிடுவாள்.

*

தங்கச்சி,

உங்கள் கடிதத்தை நான் அடியிலிருந்து வாசிக்கிறேன். மேலே எழுதியவை எனக்குப் புதிதில்லை. திரை வந்தது, பயிற்சி விளங்கவில்லை, இளம் ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம், இடமாற்றம் கேட்கட்டா: இதே கடிதம் மன்னாரிலிருந்தும் வந்திருக்கிறது, மல்லாவியிலிருந்தும் வந்திருக்கிறது. பி.கு. மட்டும்தான் புதிது. அதில் ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டேன். "இதையும்."

"இதை மகள் ரைப் செய்து தருகிறாள்" என்று நீங்கள் எழுதவில்லை. "இதையும்" என்று எழுதினீர்கள். அந்த 'உம்'முக்குள் எவ்வளவு கிடக்கிறது தெரியுமா? வாரத்துக்கு இரண்டு பாடம் என்று அதிபர் கேட்டாரே, அதற்குப் பவர்பொயின்ற் செய்தது அவள். வலயப் பயிற்சியில் ஒப்படை ஏதும் தந்திருந்தால் அதைச் செய்ததும் அவள். தவணைப் புள்ளிகளைக் கணினியில் ஏற்றியதும் அவளாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்து நான் பார்க்கவில்லை. ஆனால் 35 வருடம் பாடசாலைகளில் இருந்தவள் நான். வகுப்பில் ஒரு பிள்ளையின் ஒப்படையைத் தாய் எழுதிக் கொடுத்துவிட்டால் நீங்கள் எப்படிப் பிடிப்பீர்கள்? எழுத்தைப் பார்த்தே பிடிப்பீர்கள். அந்தப் பிள்ளையை எழுப்பி "இதை ஆர் எழுதினது?" என்று கேட்பீர்கள். உங்களைக் கேட்க வகுப்பில் ஆள் இல்லை. அதனால் நான் கேட்கிறேன்.

உயர்தரப் பெறுபேற்றில், கம்பஸ் அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி நான்கு தசமதானம் வரைக்கும் வரும். அந்தக் கடைசி இலக்கங்களில்தான் ஒரு பிள்ளை கம்பஸுக்குப் போகிறது, இன்னொரு பிள்ளை அடுத்த வருடம் திரும்ப எழுதுகிறது. கிளிநொச்சிக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அப்படியான 16 மாவட்டங்களுக்கும் சேர்த்து அது கம்பஸ் இடங்களில் 5 வீதம், அதற்குள்ளும் போட்டி. அப்படிப்பட்ட பரீட்சைக்குப் போகிற பிள்ளை இரவு பதினொன்றரைக்குத் தன் பாடத்தையும் படிக்கவில்லை, படுத்து நித்திரை கொள்ளவும் இல்லை. அம்மாவின் கூச்சத்தை ரைப் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

போர் முடிந்த வருடம், 2009 ஆகஸ்டில், வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளைகள் உயர்தரம் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். நானும் அங்கே இருந்தேன். எங்கள் கூடாரத்துக்கு அடுத்த கூடாரத்தில் ஒரு தாய், பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். மகள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை அவளைத் தண்ணீர் வரிசைக்கு அனுப்பவே இல்லை. இரண்டு கான்களையும் தானே தூக்கிக்கொண்டு போய் வெயிலில் மணிக்கணக்காக நிற்பார். மகள் எழும்பி வந்தால் "நீ போய்ப் படி" என்று திருப்பி அனுப்புவார். அந்தப் பிள்ளை என்ன பெறுபேறு எடுத்தது என்று சொல்ல வரவில்லை. தாய் எங்கே நின்றார் என்பதைச் சொல்ல வந்தேன்.

தறப்பாள் கொட்டிலுக்குள் படிப்பித்தேன் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெருமையை உங்களிடமிருந்து யாரும் எடுக்க முடியாது. ஆனால் அதை விடுமுறைக் கடிதம் போல என்னிடம் நீட்டாதீர்கள். அன்றைக்குப் படிப்பித்தவருக்கு இன்றைக்குப் படிக்காமல் இருக்க உரிமை வந்துவிடாது. ஓய்வுபெற உங்களுக்கு இன்னும் 12 வருடங்கள் கிடக்கின்றன. தரம் 6க்கு வருகிற பிள்ளை கம்பஸ் முடித்து வருகிற காலம் அது.

இன்னொன்று. உங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இருக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, அவனுக்கு உயர்தரம் என்றால், இரவு பதினொன்றரைக்கு அவனை இருத்தி ரைப் செய்ய வைத்திருப்பீர்களா? எங்கள் வீடுகளில் பெண்பிள்ளையின் நேரம் எல்லோருக்கும் பொதுச் சொத்து. படித்த வீடுகளிலும் அப்படித்தான். ஆசிரியர் வீட்டிலும் அப்படி இருப்பதை என்னால் பொறுக்க முடியாது.

"அம்மாவுக்கு விளங்காது." இதை அவள் எங்கே கற்றாள்? உங்களிடம்தான். லப்ரொப்பை அவள் பக்கம் தள்ளிய ஒவ்வொரு இரவும் இந்தப் பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறீர்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் "முயற்சி செய், விளங்கும்" என்று சொல்லிவிட்டு, பெற்ற பிள்ளைக்கு மட்டும் வேறு பாடம் நடத்தியிருக்கிறீர்கள்.

பிள்ளை, கடிதத்தை ரைப் செய்தவள் நீ. பதிலையும் நீதான் முதலில் வாசிப்பாய் என்பதால் உனக்கும் ஒரு வார்த்தை. சமவுயரக்கோடு என்றால் என்னவென்று விளங்காத எத்தனையோ பிள்ளைகளுக்கு உன் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருப்பார். "உனக்கு விளங்காது, தா" என்று கொப்பியைப் பறித்துத் தானே கீறிக் கொடுத்திருந்தால் அவர் 24 வருடம் ஆசிரியராக இருந்திருக்க முடியாது. நீ செய்தது அன்பால்தான், அது எனக்கு விளங்குகிறது. இனிமேல் செய்யாதே. பரீட்சை முடியும்வரை சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். அது உன் வேலை இல்லை.

சரி, தங்கச்சி, அப்படியானால் யாரிடம் கேட்பது? கணினி சேரிடம். உங்களிடம் படித்தவர் என்பதால் கூச்சமாம். முருகன் குருவாக மேலே இருக்க, பெற்ற தகப்பன் வாய் பொத்திக் கீழே நின்று பிரணவத்தின் பொருளைக் கேட்டார் என்பதைக் கோயிலில் கேட்டுத்தானே வளர்ந்தோம்? அதனால் சிவனுக்கு என்ன குறைந்தது? மகனுக்குத்தான் சுவாமிநாதன் என்று பெயர் வந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: "எனக்கு விளங்காது, நீயே வைத்துக்கொள்" என்று தகப்பன் சொல்லவில்லை. நின்று கேட்டார். நீங்கள் வளர்த்த பிள்ளை இன்று உங்களுக்குச் சொல்லித்தரும் நிலைக்கு வந்திருக்கிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இடமாற்றக் கதையை நான் நீட்டப்போவதில்லை. திரை வராத பாடசாலையில் இருப்பவை வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் போய் ஒளிந்துகொள்ள நினைத்ததே பிழை. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

மகள் செய்து தந்த பவர்பொயின்ற்றைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன்: பாடநூலில் இருக்கிற வரிகள் பெரிய எழுத்தில், மூலையில் ஒரு படம். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டாலும் அதுதான் நடந்திருக்கும். அவளைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கு வகுப்பறை தெரியாது. உங்கள் 24 வருடம் அந்தத் திரைக்குள் போகவேயில்லை.

எனக்கும் இது நடந்தது. பிரதி அதிபராக இருந்த காலத்தில் என் பெறாமகன்தான் தவணைப் பரீட்சைத் தாள்களை ரைப் செய்து தருவான். ஒருமுறை அவன் தந்ததைப் பாடசாலைக் கணினியில் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அவன் ரைப் செய்தது பாமினியில். அது ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியது போன்ற எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி உள்ளே இருப்பதுதான் தெரியும். யூனிக்கோட்டில் ரைப் செய்திருந்தால் எந்தக் கணினியிலும் தமிழாகவே வந்திருக்கும். இதை எனக்குச் சொல்ல அவன் ஊரில் இல்லை, கம்பஸுக்குப் போய்விட்டான். பிள்ளைகள் பேனையோடு காத்திருந்தார்கள். நான் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினேன், கை நடுங்கியது. அடுத்த கிழமையே ஓர் இளம் ஆசிரியையைப் பிடித்து, யூனிக்கோட்டில் ரைப் செய்யப் பழகினேன். உங்கள் மகளும் நாளைக்குப் போய்விடுவாள். போக வேண்டும்.

இனி வகுப்புக்கு வருவோம். பவர்பொயின்ற்றை விடுங்கள். ஆற்றைப் பற்றிப் படிப்பிக்கிற ஒரு நாளை எடுங்கள். போனில் கூகுள் ஏர்த்தைக் காசில்லாமல் இறக்கலாம். அதில் இரணைமடு என்று தேடுங்கள். ரைப் செய்ய வராவிட்டால் விசைப்பலகையில் இருக்கிற மைக் அடையாளத்தைத் தொட்டு வாயால் சொல்லுங்கள்; விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து வைத்திருந்தால் தமிழிலேயே எழுதும். வானத்திலிருந்து குளம் தெரியும். அங்கிருந்து தெற்கே பார்த்துக்கொண்டு போனால் கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்துக் காடுகளுக்குள் இருந்து இறங்கி வருவதைக் காணலாம். வடக்கே போனால் வாய்க்கால்கள், கட்டம் கட்டமாக வயல்கள், அதற்கும் அப்பால் ஆறு போய்ச் சேர்கிற சுண்டிக்குளம் கடனீரேரி. பிறகு பிள்ளைகளிடம் கேளுங்கள்: 2018 டிசம்பரில் மழை கொட்டி இரணைமடுவின் கதவுகளைத் திறந்தபோது தண்ணீர் எந்தப் பக்கம் போனது? ஏன் அந்தப் பக்கம் போனது? தரம் 9 பிள்ளைகள் அப்போது சின்னப் பிள்ளைகள், ஆனால் வீட்டில் கேட்டு வளர்ந்திருப்பார்கள். முரசுமோட்டைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று எழும்பி வந்து "இதுதான் ரீச்சர் எங்கட வீடு" என்று திரையில் கை வைக்கும். அந்த நேரத்தில் வெண்கட்டியை எடுத்து, நீரேந்து பிரதேசம், வடிநிலம் என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். அந்தச் சொற்கள் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு மறக்காது.

ஒரு விஷயத்தில் கவனம். பழைய வருடங்களின் படங்களைத் திருப்பிப் பார்க்கிற வசதியும் கூகுள் ஏர்த்தில் உண்டு. பிள்ளைகள் கண்டுபிடித்து, 2009ஐக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். எந்தப் பிள்ளையின் வீட்டில் யார் இல்லாமல் போனார், எந்த இடத்தில் போனார் என்பது உங்களுக்குத் தெரியும். மகளுக்கும் தெரியாது, கணினி சேருக்கும் அவ்வளவு தெரியாது. எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று தீர்மானிக்க அந்த வகுப்பில் உங்களை விட்டால் ஆள் இல்லை. இதற்காகத்தான் ரிமோட் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

கவரேஜ் விழுகிற இடம் என்றால், கவரேஜ் உள்ள இடத்தில் வைத்து முதல் நாளே திரையைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து படம் காணும். வட்ஸ்அப்பில் பாடக்குறிப்பைப் படம் பிடித்துப் போட்டவருக்கு இது தெரிந்த வேலைதான். போனும் ரீவியும் ஒரே வைபையில் இருந்தால் போன் திரையை நேரே ரீவியில் காட்டும் வசதி பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் படங்களை லப்ரொப்புக்கு மாற்றி, எச்டிஎம்ஐ வயரால் ரீவியோடு இணைத்து, ரிமோட்டில் இன்புட்டை மாற்ற வேண்டும். கணினி சேர் ஒருமுறை செய்து காட்டட்டும். இரண்டாம் முறை அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும், நீங்கள் செய்ய வேண்டும். படிகளை உங்கள் கையெழுத்தில் கொப்பியில் எழுதுங்கள். ஒன்றரைக்கு மணி அடித்த பிறகு 20 நிமிடம், கிழமையில் இரண்டு நாள். மின்சாரம் நின்றுவிட்டால் அதே ஆற்றைக் கரும்பலகையில் கீறுங்கள், அது உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

அதிபரிடமும் நேரே போங்கள். "இந்தத் தவணை கிழமைக்கு ஒரு பாடம்தான் செய்வேன், ஆனால் அது நானே செய்ததாக இருக்கும்" என்று சொல்லுங்கள். இதுவரை போட்டவை யார் செய்தவை என்பதையும் சொல்லுங்கள். சொல்லும்போது தொண்டை அடைக்கும், பரவாயில்லை.

அடுத்த கடிதத்தை உங்கள் போனிலிருந்து நீங்களே ரைப் செய்து அனுப்புங்கள். இரண்டு வரி காணும். எழுத்துப் பிழைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். இன்றிரவு பத்து மணிக்கு மகளின் மேசையில் ஒரு பிளேன்ரீயை வைத்துவிட்டு, அந்த லப்ரொப்பை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். வரும்போது கதவைச் சாத்திவிடுங்கள்.