மாவுச்சத்துப் படலம் காய்ந்ததும் அப்பளம்போல் நொறுங்குவது

5 கிராம் மரவள்ளி மாவுச்சத்து, 100 மி.லி. தண்ணீர், 0.5 மி.லி. கிளிசரால் கலந்து செய்து 60 டிகிரி ஓவனில் உலர்த்திய படலம் நொறுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். படலத்தை வளையவைக்கும் கிளிசராலை 0.5 மி.லி.யிலிருந்து 1.2 மி.லி.யாகக் கூட்டுங்கள். நீங்கள் சேர்த்த 0.5 மி.லி. மாவின் எடையில் சுமார் 13 சதவீதம்தான். 30 சதவீதமாவது வேண்டும். கொஞ்சமாகச் சேர்த்த கிளிசரால் சில நேரம் படலத்தை இன்னும் விறைப்பாக்கிவிடும். பலரும் ஏமாறும் இடம் இது.

60 டிகிரி ஓவனும் அதிகம். மேல்பரப்பு முதலில் இறுகி, அடியில் ஈரம் தங்கி, ஓரத்திலிருந்து கீறல் ஓடும். 40 டிகிரியில் ஒரு நாள் விடுங்கள்.

முதலில் இதைச் சோதியுங்கள்: நொறுங்கும் படலத்தில் ஒரு துண்டை, கரையாத உப்பு அடியில் தங்கும் அளவுக்கு உப்பு கலந்த தண்ணீர்க் கிண்ணத்துடன் மூடிய டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். தண்ணீர் படலத்தில் படக்கூடாது. காலையில் வளைந்தால் குறை கிளிசராலில். அப்போதும் உடைந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் மாவு முழுதாக வேகவில்லை. 85 டிகிரியில் 20 நிமிடம், கலவை கண்ணாடிபோல் தெளியும்வரை, கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

கிளிசரால் 40 சதவீதத்தைத் தாண்டினால் படலம் பிசுபிசுத்து வலுவிழக்கும். சரியாக வந்த படலமும் வாரக்கணக்கில் மெல்ல விறைக்கும், மாவுச்சத்தின் இயல்பு அது. ஆகவே இழுவலிமையை (இழுத்தால் அறுபடாமல் தாங்கும் வலிமை) முதல் நாளும் மூன்று வாரம் கழித்தும் அளந்துவிடுங்கள்.