நாலாவது கப்பல்

வணக்கம் சார். போன மாசம், இயேசுவைப் பத்திச் சொல்ல ஊர் ஊரா போன பவுலைப் பத்தி எழுதினதுல "அலைஞ்சு சீரழிஞ்ச மனுசன்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க. எனக்கு அது கொஞ்சம் ஓவரா படுது. ரோமன் ரோடு இருந்துச்சு, ரோமன் குடியுரிமை இருந்துச்சு, போற ஊர்ல எல்லாம் தங்க வீடு இருந்துச்சு. அப்புறம் தனக்கு மூணு தடவை கப்பல் உடைஞ்சதா அவரே எழுதுறார், ஆனா அவர் பயணத்தைச் சொல்ற பைபிள் புத்தகம் அப்போஸ்தலர் நடபடிகள்ல உடையுறது ஒரே கப்பல், மால்டா தீவுகிட்ட. மத்த ரெண்டு எங்க சார்? சொந்தக் கதைய கொஞ்சம் ஏத்திச் சொல்லிட்டாரோ? தப்பா நெனைக்காதீங்க.
கே.

அன்புள்ள கே,

தப்பா நெனைக்க என்ன இருக்கு, நானும் ஒரு காலத்துல இதையே கேட்டவன் தான். ஆனா உங்க கணக்குல ஒரு பிசகு இருக்கு. ரெண்டு கப்பல் காணோம்ங்கிறீங்க, மூணுமே காணோம். அந்த மூணு கப்பல் வரி வர்றது கொரிந்தியருக்கு, அதாவது கொரிந்து ஊர் விசுவாசிங்களுக்கு, பவுல் எழுதின ரெண்டாம் கடிதத்துல, அது கி.பி. 56 வாக்கில எழுதினது. மால்டா நடந்தது அதுக்கு மூணு நாலு வருசம் கழிச்சு, கைதியா ரோமுக்குக் கொண்டு போறப்போ. அப்ப மால்டா நாலாவது கப்பல்!

அந்தக் கடிதத்துல தான் பட்ட பாட்டை அவர் அடுக்குற லிஸ்ட்டையே எடுத்துக்கோங்க. யூதர்கள் கையால முப்பத்தொன்பது அடி, அஞ்சு தடவை. அதுல ஒண்ணு கூட நடபடிகள்ல கிடையாது. பிரம்படி மூணு தடவைங்கிறார், நடபடிகள் எழுதின லூக்கா சொல்றது பிலிப்பி ஊர்ல வாங்கின ஒண்ணைத்தான். ராப்பகலா கடல்ல கிடந்தேன்னு அரை வரி, எந்தக் கடல், யார் தூக்கிவிட்டா, ஒண்ணும் சொல்லல. ஏத்திச் சொல்ற ஆளு கைல இப்படி ஒரு சரக்கு கிடைச்சா அரை வரியில விடுவானா?

குடியுரிமை விசயம் பிலிப்பியிலேயே தெரிஞ்சிடுது. குறி சொல்ற ஒரு அடிமைப் பொண்ணை பவுல் குணமாக்கிடுறார், அவளை வெச்சு சம்பாதிச்சவனுங்களுக்கு வருமானம் போச்சு, அதான் கேஸு, வெளியில சொன்னது மட்டும் ஊர்ல கலகம் பண்றாங்கன்னு. துணிய கிழிச்சு அடிச்சு கால்ல தொழுமரம் மாட்டி உள்ள போட்டாச்சு, கூட ஊழியத்துக்கு வந்த சீலாவையும். மறுநாள் காலைல போகலாம்னு ஆள் வந்தப்போ தான், நாங்க ரோமர்கள், விசாரிக்காம அடிச்சிட்டீங்கன்னு பேச ஆரம்பிக்கிறார், அதிகாரிங்க பயந்து வந்து கெஞ்சுறாங்க. முதுகு கிழிஞ்சதுக்கு அப்புறம் வந்த மரியாதை. அடிக்கறதுக்கு முன்னாடியே ஏன் சொல்லலன்னு கேப்பீங்க, ஊரே கூடி கத்துறப்போ யார் காதுல விழும்னு தான் எனக்குத் தோணுது.

வீடு இருந்துச்சு, உண்மைதான், பிலிப்பில லீதியாள் வீடு, கொரிந்துல ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீடு. அங்கயும் கூடாரம் தைச்சு தான் சாப்பிட்டிருக்கார்.

இப்ப மால்டா கப்பலுக்கு வரேன், எனக்குப் பிடிச்ச இடம். அலெக்சாந்திரியாக் கப்பல், எகிப்து கோதுமை ஏத்திட்டு இத்தாலிக்குப் போறது. கிரேத்தா தீவுல நல்ல துறைமுகம்னு ஒரு இடத்துல நிக்குறப்பவே யூதர்களோட உபவாச நாள் தாண்டியாச்சு, அதாவது அக்டோபர் பக்கம், அதுக்கு மேல அந்தக் கடல்ல சாதாரணமா யாரும் துணிஞ்சு போகமாட்டாங்க. போகாதீங்கன்னு பவுல் சொல்றார். கைதிகளைக் கொண்டு போன நூற்றுக்கு அதிபதி, அதாவது ரோமன் பட்டாள அதிகாரி, மாலுமி பேச்சையும் கப்பல்காரன் பேச்சையும் தான் கேட்டான், கைதி பேச்சை எதுக்குக் கேக்கணும். ரோம் வயிறு எகிப்து கோதுமைய நம்பி இருந்துச்சு, கிளாடியஸ் ராஜா காலத்துலயே புயல்ல சரக்கு போனா நஷ்டம் என்னுதுன்னு வியாபாரிகளுக்கு வாக்கு குடுத்திருந்தான், அதனால சீசன் முடிஞ்சும் ஓட்டிப் பாக்குற பழக்கம் இருந்துச்சு. தென்றல் மெதுவா அடிச்சதும் கெளம்பிட்டாங்க, கொஞ்ச நேரத்துல வடகிழக்குல இருந்து பேய்க்காத்து. பதினாலு ராத்திரி.

எங்க மாமா ஒருத்தர் தூத்துக்குடி பக்கம் வள்ளத்துல போனவர். ஒருநாள் அவருக்கு இந்த அதிகாரத்தை வாசிச்சுக் காட்டினேன். "சின்னப்பர் கதையா, வாசி"ன்னார் (பவுலுஸ்னா லத்தீன்ல சின்னவர், பழைய கத்தோலிக்கக் குடும்பத்துல இன்னும் சின்னப்பர்னு தான் சொல்லுவாங்க). பாதி தூக்கத்துல கேட்டுட்டு இருந்தவர், ஆழம் பாக்க விழுது (கயித்துல கட்டின குண்டு) விட்டுப் பாத்தாங்க இருபது பாகம், கொஞ்சம் தள்ளி பதினஞ்சு பாகம்னு வந்ததும் நிமிந்து உக்காந்தார். ரெண்டு கையையும் பக்கத்துக்கு ஒண்ணா விரிச்சு, இந்த விரல் நுனில இருந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம்டான்னு காட்டினார். "தரை ஏறி வருது, இருட்டுல இனி ஓட்டக்கூடாது, நங்கூரம் போடணும்." அடுத்த வரியே அதான், பின்னணியத்துல (கப்பலோட பின்பக்கம்) இருந்து நாலு நங்கூரம். அணியம், அதாவது முன்பக்கம், கரையப் பாத்தே நிக்கணும், அதுக்குத் தான் பின்னாடி போட்டிருக்கான்னு அவரே சொல்லிட்டார். இதை எழுதினவன் கப்பல்ல இருந்தவன் தான்னு மாமா முடிவு பண்ணிட்டார், எனக்கும் அதுல சந்தேகம் இல்ல.

விடியறதுக்கு முன்னாடி பவுல் எல்லாரையும் சாப்பிட வைக்கிறார், மொத்தம் 276 பேர். அப்புறம் மிச்ச கோதுமைய கடல்ல கொட்டுறாங்க, எதுக்காக சீசன் தாண்டி கெளம்பினாங்களோ அதையே. நீந்தித் தப்பிச்சிடுவாங்கன்னு கைதிகளைக் கொன்னுடலாமான்னு சிப்பாய்ங்க யோசிக்க, அந்த அதிபதி தான் பவுலுக்காகத் தடுத்தான். தெரிஞ்சவன் நீந்தினான், மத்தவன் பலகைய புடிச்சுட்டு வந்தான், எல்லாரும் கரை சேந்தாங்க. கரையில குளிருக்கு வெறகு போடுறப்போ விரியன் ஒண்ணு பவுல் கையக் கவ்வுது, தீவுக்காரங்க இவன் கொலைகாரன்ங்கிறாங்க, சாகலன்னதும் சாமிங்கிறாங்க. முன்னாடி பவுல் போன லீஸ்திரா ஊர்ல இதுக்கு நேர் தலைகீழ், முதல்ல சாமின்னு மாலையும் காளையும் கொண்டு வந்த ஊர், அப்புறம் அந்தியோகியால இருந்தும் இக்கோனியால இருந்தும் வந்தவங்க பேச்சைக் கேட்டு, கல்லெறிஞ்சு செத்துட்டான்னு ஊருக்கு வெளிய இழுத்துப் போட்டுச்சு.

ஏத்திச் சொல்றாரான்னு கேட்டீங்கள்ல, அந்த லிஸ்ட் எழுதுறப்போ நான் புத்தியில்லாதவன் மாதிரி பேசுறேன்னு அவரே கூச்சப்பட்டுட்டு தான் எழுதுறார், கொரிந்துல வேற ஆளுங்க வந்து பெருமை அடிச்சுட்டு இருந்தாங்க, அதுக்கு பதில் அது. கடைசில எதைக் கொண்டு வந்து வைக்கிறார்னு பாருங்க. எதிரி கோட்டை மதில்ல முதல் ஆளா ஏறுற வீரனுக்கு ரோமன் பட்டாளத்துல ஒரு தங்கக் கிரீடம் உண்டு. இவர் தமஸ்குல பிடிக்க ஆள் வந்தப்போ ஜன்னல் வழியா கூடைல உக்காந்து மதில்ல இருந்து இறங்கி ஓடின கதைய வைக்கிறார். அந்த ரெண்டாம் கடிதம் பதினோராம் அதிகாரம், கடைசி ரெண்டு வசனம், இன்னொரு தடவ படிச்சுட்டு எழுதுங்க.