வேலூர்ப் பக்கம் காட்டுப் பாதைகளில் மலைச் சைக்கிள் ஓட்ட முடியுமா? முப்பதாயிரம் ரூபாய் சைக்கிள் போதுமா, எழுபதாயிரம் போட வேண்டுமா?

தாராளமாக ஓட்டலாம். பல வருடங்களாக இங்கேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விலைக்குக் கடைசியில் வருகிறேன். நம் ஊரில் எதற்குக் காசு போட வேண்டும் என்பதைத் தரைதான் சொல்லும், அதனால் முதலில் தரை.

வேலூரைச் சுற்றி இருப்பவை எல்லாம் கருங்கல் குன்றுகள். வெயிலிலும் மழையிலும் உதிர்ந்த கல், பாறையின் மேல் மொச்சைக்கொட்டை அளவுச் சரளையாகப் பரவிக் கிடக்கும். ஏறும்போது பின்சக்கரம் அதில் சும்மா சுற்றும். இறங்கும்போது வளைவுக்குள் போய் முன் பிரேக்கைப் பிடித்தீர்களானால் சக்கரம் ஒருபக்கமாக வழுக்கிக்கொண்டு போகும், முழங்கை சரளையில் தேயும். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். இருக்கையை விட்டு எழுந்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பார்வை தவிர்க்க வேண்டிய கல்லின் மேல் இருக்கக் கூடாது, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தால் நேராகப் போய் அதன் மேல்தான் ஏறுவீர்கள்.

இதையெல்லாம் பழக ஓட்டேரியிலிருந்து பாலமதிக்கு ஏறும் சாலையே போதும். தார்ச்சாலைதானே என்று நினைக்க வேண்டாம். ஏற்றத்தில் கியர் மாற்றப் பழகிவிடுவீர்கள். மிதிப்பது கடினமான பிறகு மாற்றினால் செயின் கதறும். அதற்கு முன்பே மாற்ற வேண்டும். இறக்கத்தில் பிரேக் பாடம். பிரேக்கைப் பிடித்த பிடி விடாமல் இறங்கினால் கருகிய வாடை வரும், பிடி தளரும். விட்டு விட்டுப் பிடியுங்கள். இந்த விளையாட்டு பிறந்ததே அப்படி ஓர் இறக்கத்தில்தான். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மலைப்பாதையில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பின்சக்கர பிரேக்குக்குள் இருந்த கிரீஸ் வெந்து புகையாகிவிடும். கீழே வந்ததும் புதிதாக அடைக்க வேண்டும். 1976இல் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்ற பெயர் வந்தது அதனால்தான். இருபது வருடம் கழித்து, 1996இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் சேர்ந்துவிட்டது.

அடுத்தது முள். மரின்காரர்களுக்கு இல்லாத தொல்லை, நமக்கு வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேலம். விறகுக்கு வெட்டி இழுத்துப் போகிறவர்களின் தடமும் நாம் ஓட்டும் ஒற்றையடிப் பாதையும் ஒன்றுதான், ஆகவே பாதை நெடுக முள் உதிர்ந்திருக்கும். அது சாதாரண டியூபை ஊடுருவி, உடைந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும். டியூபை மட்டும் மாற்றி முள்ளை எடுக்காமல் விட்டால் அடுத்த திருப்பத்தில் மறுபடியும் பஞ்சர். டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே புது டியூபைப் போட வேண்டும்.

இனி எங்கே போகலாம், எங்கே கூடாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், சைக்கிள் என்பதால் சலுகை ஏதும் கிடையாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் பிடித்த காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது, அது நியாயமும்கூட. கோடையில் நம் மலைப் புல்லுக்கு ஒரு பீடித் துண்டு போதும். அமிர்தி வரை சாலையில் போய் வாருங்கள். கணியம்பாடி தாண்டினால் தோப்புகளுக்கும் நிலங்களுக்கும் போகும் மண் வண்டிப்பாதைகள் கிடைக்கும், நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஓட்டலாம். ஜவ்வாது மலைக் காட்டுக்குள் தனியாகப் புகுந்துவிடாதீர்கள், கரடி உண்டு. பேரணாம்பட்டு, குடியாத்தம் எல்லைக் காடுகளுக்கு ஆந்திரப் பக்கத்திலிருந்து யானை வருகிறது. அந்தத் திசைக்கு நான் சைக்கிளை எடுப்பதே இல்லை.

குன்றடியில் இருக்கும் பாதைகள் நமக்காகப் போடப்பட்டவை அல்ல. ஆடுகளும் கோயிலுக்குப் போகிறவர்களும் நடந்து நடந்து உண்டானவை. ஆடு எதிரே வந்தால் இறங்கி நின்றுவிடுங்கள். மணி அடித்தால் மந்தை சிதறும், மேய்க்கிறவருக்கு அன்று பாதி நாள் வீண். என் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், நான் செங்குத்தான இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, அது உன்னைச் சுமக்க வேண்டும் என்றுதானே வாங்கினாய்?” என்று கேட்டார். இருந்தாலும் எந்த ஓடையில் மழைக்குப் பின் பாதை அறுந்திருக்கிறது என்பதை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் விடிவதற்குள் கிளம்பி எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். எனக்குப் பிடித்தது ஐப்பசி மழை விட்ட பிறகு வரும் நாட்கள். சரளை அமர்ந்திருக்கும், தூசி இருக்காது, டயருக்கு நல்ல பிடி கிடைக்கும்.

சரி, விலை. முன்பக்க சஸ்பென்ஷன் மட்டும் உள்ள அலுமினியச் சைக்கிள், டிஸ்க் பிரேக்குடன், முப்பதாயிரத்துக்குள் வருவதே தொடங்குவதற்குப் போதும். பின்பக்கமும் சஸ்பென்ஷன் வைத்து மலிவாக விற்பவற்றை வாங்காதீர்கள். எடை கூடும், பாலமதி ஏற்றத்தில் மிதிப்பதில் பாதியை ஸ்பிரிங்கே விழுங்கிவிடும். எழுபதாயிரம் கையில் இருந்தால் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் டியூப்லெஸ் போடத் தகுந்த ரிம்மும் இருக்கிறதா என்று பாருங்கள், கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். டயர் 2.2 அங்குல அகலத்துக்குக் குறையக் கூடாது. டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் பால் போன்ற அடைப்புத் திரவம், சிறு முள் துளைகளைத் தானே அடைத்துவிடும். ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. கடைக்காரர் ஆறு மாதம் தாங்கும் என்பார். கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.