சங்கங்கள் இணைந்தால் உறுப்பினருக்கு என்ன ஆகும்?

கேள்வி: முந்நூறு பேர் இருக்கும் எங்கள் தொழிற்சங்கத்தைப் பெரிய சங்கம் ஒன்றோடு இணைக்கப்போகிறார்கள். அடுத்த மாதம் வாக்கெடுப்பு. "பலம் கூடும்" என்பதைத் தாண்டி நிர்வாகிகள் வாயே திறப்பதில்லை. சாதாரண உறுப்பினருக்கு இதனால் லாபமா நஷ்டமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இணைந்த மறுநாளே சம்பளம் ஒன்றும் மாறிவிடாது. நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தம் பொதுவாக அதன் காலம் முடியும்வரை அப்படியேதான் ஓடும். சந்தா கூடலாம், சரி, அதுகூடப் பெரிய விஷயமில்லை. அடுத்த ஊதிய ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று வாக்களிக்கப்போவது யார், உங்கள் முந்நூறு பேரா, இல்லை உங்கள் வேலை என்னவென்றே தெரியாத முப்பதாயிரம் பேரும் சேர்த்தா? எனக்கு அதுதான் முக்கியமான கேள்வி. இணைப்பு ஒப்பந்தத்தில் அதற்குத் தெளிவான பதில் இல்லாமல், "சிறு பிரிவுகளின் நலன் காக்கப்படும்" என்று மட்டும் இருந்தால் அதை நம்பி வாக்களிக்காதீர்கள்.

கறாராகப் பேசி எழுதி வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பிரிட்டனில் 1993இல் மூன்று சங்கங்கள் சேர்ந்து யூனிசன் என்ற பொதுச்சேவை ஊழியர் சங்கம் ஆனபோது இரண்டு சங்கங்கள் லேபர் கட்சியோடு இணைந்திருந்தவை, மூன்றாவதான நால்கோ எந்தக் கட்சியிலும் சேராதது. அதனால் அரசியல் வேலைகளுக்கென்று உறுப்பினரிடம் வாங்கும் நிதியையே இரண்டாகப் பிரித்து, எதற்குப் பணம் கட்டுவது என்பதை உறுப்பினர் கையிலேயே விட்டார்கள்.

அப்புறம் சேமநல நிதி. சங்கம் இணைந்தால் நிதியும் கூடவே இணைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஸாக், அஃப்ட்ரா என்ற இரண்டு கலைஞர் சங்கங்களும் 2012இல் ஒன்றாயின, ஆனால் அவற்றின் மருத்துவத் திட்டங்கள் ஒன்றானது 2017இல்தான். 2020இல் அந்தத் திட்டத்தில் சேரத் தேவையான குறைந்தபட்ச வருமானத்தை உயர்த்துவதாக அறிவித்ததும், காப்பீடு பறிபோகும் நிலையில் இருந்த மூத்த கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். ஆகவே நீங்கள் சேரப்போகும் பெரிய சங்கத்தின் தணிக்கைக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். கடன் இருந்தால் அதிலும் உங்களுக்குப் பங்கு வரும், இதை மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பலம் கூடும் என்பது முழுப் பொய்யில்லை. வழக்கறிஞர் செலவு, நீண்ட வேலைநிறுத்தம் எல்லாம் சிறிய சங்கத்தால் தாங்க முடியாதவை. ஆனால் இணைந்ததாலேயே ஆள் பெருகிவிடாது: ஜெர்மனியில் ஐந்து சங்கங்கள் சேர்ந்து 2001இல் உருவான வெர்டியில் அப்போது சுமார் 28 லட்சம் பேர், இப்போது 20 லட்சத்துக்கும் கீழே. பல இணைப்புகள் நடப்பதே உறுப்பினர் குறைந்து பணம் வற்றிய பிறகுதான்.

இதையெல்லாம் பொதுக்குழுவில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். இழுத்தடித்தால் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கத் தீர்மானம் கொண்டுவாருங்கள்.