கேள்வி பதில்: ஈரக் கைக்கு ஒரு செயலி

கைபேசி, செயலி, இணையச் சேவை குறித்துக் கடலோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கு இந்த இதழில்.

நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து, நாட்டுப்படகு மீனவர்களுக்குக் காற்று, அலை எச்சரிக்கை தரும் செயலி ஒன்று செய்திருக்கிறோம். தகவல் சரியாகத்தான் வருகிறது. ஆனால் பெரியவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. எங்கே குறை?
– வாசகர், பாம்பன்

எந்தக் கடலுக்கான எச்சரிக்கை என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊரில் வடகடலும் (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலும் (மன்னார் வளைகுடாப் பக்கம்) ஒரே நாளில் ஒரே குணத்தில் இருப்பதில்லை. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் குமுறும்போது வடகடலில் தொழில் நடக்கும். வாடைக் (வடகிழக்குக் காற்று) காலத்தில் நிலைமை மாறும். மாவட்டம் முழுவதற்கும் பொதுவாக ஒரு சிவப்பு முக்கோணம் காட்டினால், அது பொய்த்துப்போகும் நாட்கள்தான் நினைவில் நிற்கும். அப்புறம் யார் திறப்பார்கள்?

அடுத்தது, எழுத்தைக் குறைத்துக் குரலைக் கூட்டுங்கள். 'சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும்' என்ற அறிவிப்பு நடையைக் கரையில் யாரும் பேசுவதில்லை. செய்தி இந்த வரிசையில் வரட்டும்: தேதி, எந்தக் கடல், போகலாமா கூடாதா, எந்த நேரத்திலிருந்து, எந்தக் காற்று, அலை எத்தனை அடி. ஆழத்தைப் பாகத்தில் (இரு கை விரித்த நீளம், சுமார் ஆறடி) சொல்லுங்கள். காற்றின் பெயர்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பாம்பனில் கேட்டு எழுதியதை அப்படியே தொண்டிக்கு அனுப்பாமல், அங்கேயும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

தேதியை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குரல் பதிவு வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி நாலு நாள் கழித்தும் சுற்றும். தேதி இல்லாத பதிவு, புயல் ஓய்ந்த பிறகும் பயமுறுத்தும். புயல் வரும்போது 'கடல் அமைதி' என்றும் சொல்லும். செயலிக்குள்ளும் இதே ஆபத்து இருக்கிறது. கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக சிக்னல் அறுந்துவிடும், கடைசியாக இறங்கிய பதிவுதான் கையில் மிஞ்சும். அதன் காலம் முடிந்ததும் 'இது பழைய செய்தி' என்று செயலியே பேச வேண்டும். திரையின் மூலையில் சின்னதாக நேரம் காட்டினால் போதாது.

கோப்பின் அளவையும் கவனியுங்கள். வினாடிக்கு 16 கிலோபிட் ஓபஸ் என்ற ஒலிக்கோப்பு வடிவில் 30 வினாடிப் பேச்சு 60 கிலோபைட்டுக்குள் அடங்கும். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக வைத்தால் 480 கிலோபைட். பேச்சைப் பொறுத்தவரை காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடத்தில், முன்னது இறங்கும், பின்னது சுற்றிக்கொண்டே நிற்கும்.

இனி கை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். திரையில் துளி தெறித்தால் அதையும் விரல் என்றே கைபேசி எண்ணிக்கொள்ளும். ஈரக் கையால் தொட்டால் ஒன்றை அமுக்க வேறொன்று திறக்கும். அதனால் முக்கியமான ஒரு வேலையை, அதாவது 'இன்றைய செய்தியைப் பேசு' என்பதை, ஒலியைக் கூட்டும் பக்கவாட்டுப் பொத்தானுக்குக் கொடுங்கள். செயலி திறந்திருக்கும்போது ஆண்ட்ராய்டில் இது சாத்தியம். திரையில் உள்ள பொத்தான்களை 9 மில்லிமீட்டருக்குக் குறையாமல், இடைவெளி விட்டு வையுங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்து, நடுப்பகல் வெயிலில் இல்லாததற்குச் சமம். வெள்ளையில் கறுப்பே மேல். சிவப்பு, பச்சை நிறங்களை மட்டும் நம்பி எச்சரிக்காதீர்கள், இரண்டையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் இருக்கிறார்கள். நிறத்தோடு உருவமும் மாறட்டும்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து அதே பதிவைப் பேசும் ஏற்பாடு, செயலியைவிட அதிகம் பேருக்குப் போய்ச் சேரும். உங்கள் ஊரிலேயே 2016 முதல் 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தரும் கடல்நிலைத் தகவலைக் கரைப் பேச்சில் எப்படிச் சொல்வது என்று பழக, அதைக் கேட்பதைவிடக் குறுக்குவழி கிடையாது.

இந்திய–இலங்கைக் கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால் அலறும் செயலியைப் போட்டோம். நம் பக்கத்துக் கடலிலேயே, கோட்டுக்கு வெகு தூரத்திலேயே அலறுகிறது. ஜிபிஎஸ் தவறா?
– வாசகர், தங்கச்சிமடம்

ஜிபிஎஸ் பிழை சில மீட்டர்களில்தான் இருக்கும். கிலோமீட்டர் கணக்கில் விலகுகிறது என்றால், புள்ளிகளைப் பதிந்தவர் டிகிரியையும் மினிட்டையும் குழப்பியிருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவும் இலங்கையும் செய்த 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை 6 புள்ளிகளைத் தருகிறது. கடைசிப் புள்ளி வடக்கு 9 டிகிரி 06 மினிட், கிழக்கு 79 டிகிரி 32 மினிட். ஒரு டிகிரிக்கு 60 மினிட். ஆகவே 32ஐ 60ஆல் வகுத்து 79.5333 என்று பதிய வேண்டும். 79.32 என்று அப்படியே போட்டால் கோடு மேற்கே சுமார் 23 கி.மீ. தள்ளி, ராமேசுவரம் தீவுக்குத் தெற்கே வந்து விழும். 9.1 என்பதற்கு 9.06 போட்டால் தெற்கே இன்னும் நாலரை கி.மீ. போகும். செயலி செய்தவரிடம் புள்ளிப் பட்டியலைக் கேளுங்கள். கிழக்குப் புள்ளிகளில் தசமத்துக்குப் பின்னால் 32, 35 என்று வெறும் மினிட் எண்கள் நின்றால் பிழை அங்கேதான்.

வீணாக அலறும் கருவியை இரண்டாம் நாளே அணைத்துவிடுவார்கள். உண்மையில் கோடு வரும்போது அது ஊமை. அதனால் இந்தப் பிழையைச் சின்னது என்று விடக்கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். மன்னார் வளைகுடாவின் எல்லை 1976 ஒப்பந்தத்தில் வருகிறது. 1974 புள்ளிகளை மட்டும் வைத்த செயலி தென்கடல் படகுக்கு உதவாது. எச்சரிக்கும் தூரத்தைப் படகின் வேகத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் ஒரு கடல் மைலைக் கடக்க 10 நிமிடம்தான் ஆகும். வலையை விட்டு இன்ஜினை நிறுத்தியிருந்தாலும், 1 நாட் நீவாடு (கடல் நீரோட்டம்) ஒரு மணி நேரத்தில் படகை ஒரு கடல் மைல் இழுத்துவிடும். 'வேகம் குறைவு, அதனால் ஆபத்தில்லை' என்று எழுதப்பட்ட செயலி இங்கேதான் ஏமாறும். இன்ஜின் சத்தத்தில் கைபேசி ஒலி எடுபடாது, அதிர்வும் மின்னும் வெளிச்சமும் கட்டாயம் வேண்டும். காது கேளாதவர்களுக்கும் அதுவே பயன்படும்.

கடலில் பாசி எடுத்து எடுத்து விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ஆதார் வைத்துப் பணம் எடுக்கப் போனால் மெஷின் ஏற்பதில்லை. வேறு வழி உண்டா அண்ணே?
– வாசகி, சின்னப்பாலம்

உண்டும்மா. கடலிலிருந்து வந்த கையோடு போகாதீர்கள். ஊறிச் சுருங்கிய தோலில் ரேகை பிடிக்காது. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தோல் பழைய நிலைக்கு வந்த பிறகு வையுங்கள். கருவியின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள். பத்து விரலும் பதிவில் இருப்பதால் கட்டைவிரலையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். துணி சுற்றாமல் வேலை செய்யும் விரல்தான் அதிகம் தேயும், அதைக் கடைசியாக வையுங்கள். எதுவும் ஏறாவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம், கண் கருவிழி மூலமும் ஆதாரில் சரிபார்க்க முடியும். ரூபே அட்டையும் ரகசிய எண்ணும் இருந்தால், அட்டை ஏற்கும் மைக்ரோ ஏடிஎம்மில் (வங்கி முகவர் வைத்திருக்கும் சின்னக் கருவி) ரேகையே தேவையில்லை.

பட்டன் போனிலிருந்து பணம் அனுப்ப *99# என்று டயல் செய்யும் வழி உண்டு. 2022இல் வந்த யுபிஐ 123பே குரல் வழியிலும் அனுப்ப முடியும், இணையம் வேண்டாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல்: பல பெண்களின் கணக்கில் பதிந்திருப்பது வீட்டுக்காரர் நம்பர். ஓடிபி கடலுக்குப் போன போனில் வந்து விழும். முதல் வேலையாக வங்கியில் உங்கள் நம்பரைப் பதியுங்கள்.

கணக்கில் பணம் கழிந்து கையில் வராவிட்டால், துண்டுச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். 5 நாளுக்குள் பணம் திரும்பாவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவு.

பார்வையற்ற மாணவருக்கு அனுப்பும் தமிழ் பிடிஎஃப்பைத் திரை வாசிப்பான் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) உளறுகிறது. ஏன்?
– ஆசிரியர், கீழக்கரை

பெரும்பாலும் யூனிகோடு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கிலக் கிறுக்கலாக வந்தால் யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். எதுவுமே ஒட்டாவிட்டால் அது வெறும் படம், படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளில் (ஓசிஆர்) போட்டுப் பிழை திருத்துங்கள், இல்லையென்றால் மறுபடி தட்டச்சு செய்யுங்கள். யூனிகோடிலும் சிலர் 'எ' இடத்தில் '௭' போடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் அது தமிழ் எண் ஏழு, வாசிப்பானுக்கு அது எழுத்தே இல்லை. 'ஔ' வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டுவதும் அப்படித்தான். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரை வாசிப்பானில் தமிழ்க் குரல் இருக்கிறது. அனுப்பும் முன் அதில் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள்.