கரண்ட் இல்லாதபோது கராஜ் கதவு: எல் டொராடோ ஹில்ஸ் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். கலிஃபோர்னியாவின் எல் டொராடோ ஹில்ஸில் புது வாடகை வீடு, காற்று பலமாக அடித்தால் மின்கம்பியால் தீப்பிடிக்கலாம் என்று மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள், காலையில் ரிமோட்டை அழுத்தினால் கதவு அசையவில்லை, கார் உள்ளேயே மாட்டிக்கொண்டது. மேலே சிவப்புப் பிடியோடு ஒரு கயிறு தொங்குகிறது, அதை இழுத்தால் கதவு தலையில் இறங்கிவிடுமோ என்று பயந்து வேலைக்கு வாடகைக் கார் பிடித்துப் போனேன் என்கிறீர்கள். "அந்தக் கயிற்றைத் தொடலாமா அக்கா?" என்று கேட்டீர்கள். தாராளமாகத் தொடலாம், இந்த மாதிரி நேரத்துக்குத்தான் அது தொங்குகிறது. ஆனால் கதவு தரைவரை முழுசாக மூடியிருக்கும்போது மட்டும் இழுங்கள். இந்த ஒன்றை மனதில் ஏற்றிக்கொண்டு மேலே படியுங்கள்.

காரணம் இதுதான். இரண்டு கார் நுழைகிற 16 அடி அகலக் கதவு 60 கிலோவிலிருந்து 100 கிலோ வரை இருக்கும். அந்தக் கனத்தைத் தாங்குவது, பெரும்பாலான வீடுகளில், கதவுக்கு மேலே சுவரோடு ஒட்டிய தண்டில் முறுக்கி ஏற்றியிருக்கும் ஸ்பிரிங். நம் ஊர்க் கடை ஷட்டரை ஒரு ஆள் கொக்கிக் கம்பியால் சர்ரென்று ஏற்றுகிறாரே, அதே உபாயம்தான். மோட்டார் லேசாகத் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. கயிற்றை இழுத்தால் மோட்டாரின் பிடி கழன்றுவிடும், ஸ்பிரிங் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் கையால் தூக்க முடிகிறது. ஸ்பிரிங் உடைந்திருந்து, கதவும் மேலே நிற்கும்போது கயிற்றை இழுத்தால் மொத்தக் கனமும் ஒரே வீச்சில் கீழே வரும். உயிரே போகலாம்.

எனவே கயிற்றைத் தொடும் முன் கண்ணை மேலே ஓட்டுங்கள். போனில் டார்ச்சைப் போட்டு அந்த ஸ்பிரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாருங்கள். சுருள்கள் நெருக்கமாக, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். நடுவில் எங்காவது இரண்டு விரல் நுழைகிற மாதிரிப் பிளவு தெரிந்தால் அது உடைந்துவிட்டது என்று அர்த்தம். இரு பக்கமும் கதவின் அடிவரை இறங்கும் இரும்பு வடம் தொய்ந்து தொங்கினாலும் தொடாதீர்கள். அந்தக் கதவைத் தனியாளாகத் தூக்க முயல வேண்டாம், வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சாதாரண ஸ்பிரிங்கை 10,000 முறை திறந்து மூடும் கணக்கில்தான் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருஷத்துக்குள் ஆயுள் முடிந்துவிடும். வீட்டுக்காரர் அதை எப்போது மாற்றினார் என்பது வாடகைக்கு வந்த நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: யூடியூப் பார்த்து ஸ்பிரிங்கை நாமே மாற்றலாம் என்று இறங்கவே கூடாது. அதில் இறுக்கி வைத்திருக்கும் முறுக்கு கையை முறித்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், கரண்ட் திடீரென்று வந்தால் அது தன்பாட்டுக்கு ஓடக் கூடாது. குழந்தை இருந்தால் வீட்டுக்குள் நிறுத்துங்கள். சிவப்புப் பிடியை நேராகக் கீழே, ஒரே இழுப்பாக இழுங்கள். மேலே சின்ன நெம்புகோல் ஒன்று "டக்" என்று சாயும் சத்தம் கேட்கும். இனி கதவின் அடியில் உள்ள கைப்பிடியைப் பிடித்து, முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கித் தூக்குங்கள். விரல்களைப் பலகைகளுக்கு நடுவிலுள்ள மடிப்பில் வைக்காதீர்கள், கதவு வளையும்போது அந்த இடுக்குதான் விரலை நசுக்கும். நல்ல நிலையில் உள்ள கதவு முழங்கால் உயரம் தாண்டியதும் இலேசாகிவிடும். அரைவாசியில் நிறுத்தி, கையை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்திப் பாருங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரியான கணக்கில் இருக்கிறது. கீழே நழுவினாலோ, தானாக மேலே ஓடினாலோ சரிபார்க்க ஆள் வேண்டும். நான்கு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும் என்கிற கதவு கெட்டுப்போன கதவு, பலத்தைக் காட்டாமல் விட்டுவிடுங்கள்.

காரை எடுத்ததும் கதவைக் கையால் பிடித்தபடியே மெதுவாக இறக்கி மூடுங்கள். மோட்டார் ஓடும்போது கதவின் குறுக்கே எதாவது வந்தால் கதவை மேலே திருப்பிவிடும் சென்சார் கண்கள் அடியில் இரு பக்கமும் இருக்கின்றன. 1993 முதல் அமெரிக்காவில் தயாராகும் எல்லா மோட்டாரிலும் இந்த மாதிரிப் பாதுகாப்பு கட்டாயம். கையால் இயக்கும்போது அது எதுவும் காப்பாற்றாது. இன்னொன்று, மோட்டார் கழன்ற கதவு பூட்டாத கதவு. வெளியிலிருந்து யாரும் தூக்கலாம். உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தால் போட்டுவிட்டு வாசல் வழியாக வெளியே வாருங்கள். கரண்ட் வந்ததும் மறக்காமல் தாழ்ப்பாளை எடுத்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். பல மாடல்களில் பட்டனை ஒரு தடவை அழுத்தினாலே மோட்டார் தானாகப் பிடித்துக்கொள்ளும். கயிற்றை மோட்டார் பக்கமாகச் சாய்த்து இழுத்திருந்தால் பிடிக்காது, ஒரு முறை நேராகக் கீழே இழுத்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் ஆபீஸுக்கு நேரமாகிவிடும் என்பது மட்டுமல்ல. 2017 அக்டோபர் 8 இரவு இதே கலிஃபோர்னியாவின் சான்டா ரோசா ஊரில் டப்ஸ் என்ற காட்டுத்தீ பரவியபோது கரண்ட் போன வீடுகளில் கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிலர் உள்ளேயே இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எஸ்.பி. 969 என்ற சட்டம் வந்தது. 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் வீடுகளுக்கு விற்கும், பொருத்தும் கராஜ் மோட்டார் எல்லாவற்றிலும் பேட்டரி இருந்தாக வேண்டும். உங்கள் மோட்டார் அதற்கு முந்தையதாக இருந்தால் கயிறுதான் துணை. பேட்டரி உள்ளதாக இருந்தாலும் சில வருஷத்தில் அது செத்துவிடும், பீப் பீப் என்று கத்தும்போது மாற்றிவிடுங்கள். நீங்கள் இருக்கும் மலையடிவாரத்தில் காற்று எழும்பும் நாளில்தான் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள், தீ பரவுவதும் அதே காற்றில்தான். கதவு திறக்காத நாளும் ஓட வேண்டிய நாளும் ஒன்றாக வருகிற ஊர் அது. சிவப்புக் கொடி எச்சரிக்கை, அதாவது காட்டுத்தீ அபாய எச்சரிக்கை, என்று போனில் வந்தால் அன்று ராத்திரி காரைக் கராஜுக்குள் விடாதீர்கள். வெளியே டிரைவ்வேயில், முகப்பு ரோட்டைப் பார்த்தபடி நிறுத்துங்கள்.

அப்பா அம்மா அடுத்த மாதம் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நீங்களும் உங்கள் மனைவியும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்கள் இரண்டு பேரும்தான். கயிற்றின் பிடி கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு எட்டுகிறதா என்று வந்த அன்றைக்கே நிற்க வைத்துப் பாருங்கள், எட்டாவிட்டால் கயிற்றை நீட்டிக் கட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இருக்கும்போது, வெளிச்சத்தில், அவர்கள் கையாலேயே இழுத்துத் தூக்கச் சொல்லுங்கள். கதவு கனத்தால் வாசல் கதவு வழியாகத் தெருவுக்கு வந்து பக்கத்து வீட்டைத் தட்டச் சொல்லிக்கொடுங்கள். நம்மவர்கள் பலரும் போவதும் வருவதும் கராஜ் வழியாகவே வைத்துக்கொள்கிறோம், வாசல் சாவி டிராயரில் எங்கோ கிடக்கிறது. வெளியே போயிருக்கும்போது கரண்ட் போனால், மோட்டாரில் பேட்டரி இல்லையென்றால், வெளிச்சுவரில் நம்பர் அழுத்தும் பட்டனும் உதவாது, நம் வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு சாவி செய்து கார்ச் சாவியோடு கோர்த்துவிடுங்கள்.

போனை சார்ஜ் போடுவதற்காகக் கராஜுக்குள் கார் எஞ்சினை ஓடவிடவே வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது.

கதவின் மேல் இடுக்கு வழியாகத் திருடன் கம்பியை விட்டு இழுப்பான் என்று பயந்து கயிற்றை அறுத்துவிடுகிறவர்களும், மேலே சுருட்டிக் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. உங்களுக்கு முன் இருந்தவர்கள் அப்படி ஏதும் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள், செய்திருந்தால் பழையபடி தொங்க விடுங்கள். அப்புறம் வீட்டுக்காரருக்கு இன்றே எழுத்தில் கேளுங்கள்: மோட்டார் எந்த வருஷத்தது, பேட்டரி உண்டா, ஸ்பிரிங்கைக் கடைசியாக யார் எப்போது பார்த்தார்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். காற்று அடிக்கிற மாதம் வருவதற்குள் ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.