வளரும் நகரத்தைப் பழைய வரைபடத்தில் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் ஓரத்திலிருந்து. நகரின் நடுப்பகுதியைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் அடிக்கடி திறந்து உட்காருவது ஜான் ரோக் 1746-இல் வெளியிட்ட லண்டன் வரைபடம். நகரையும் சுற்றியுள்ள பத்து மைல் நாட்டுப்புறத்தையும் 16 தாள்களில் அடக்கியிருக்கிறார். தெருக்களில் சங்கிலி பிடித்து நீளம், தேவாலயக் கோபுரங்களைக் குறிவைத்துக் கோணம் என்று பல ஆண்டு அளந்த வேலை. அதற்கு முன் மனிதர் பெரிய மாளிகைகளின் தோட்டங்களை வரைந்துகொண்டிருந்தவர். அந்தக் கண் இதிலும் தெரியும்: உழுத நிலம், தோட்டம், மேய்ச்சல் வெளி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோலம். சம உயரக் கோடு எதுவும் கிடையாது; மேடென்றால் கீற்றுக் கீற்றாக நிழல், அவ்வளவுதான். ஒவ்வொரு வேலியையும் அப்படியே நம்பிவிடவும் வேண்டாம், அழகுக்காக நிரப்பியதும் உண்டு என்றே எனக்குப் படுகிறது.

கிரேட் ரஸ்ஸல் தெருவில் மாண்டேகு மாளிகையைத் தேடுங்கள். வாசல் நகரத்தில், கொல்லையில் தோட்டம், அதைத் தாண்டினால் வயல். 1759-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் திறந்தது இந்த மாளிகையில்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மேரிலபோன் சந்து. டைபர்ன் ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் கிராமத்துப் பாதை. பிறகு சுற்றிலும் நூல் பிடித்ததுபோல் நேர்த் தெருக்கள் வந்தன, ஓடை மண்ணுக்கடியில் போனது, சந்து மட்டும் கோணலாகவே கிடக்கிறது. இன்றைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தால் சட்டென்று கண்ணில் படும்.

தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் லாம்பெத் பக்கம் வீடுகள் ஏன் அவ்வளவு குறைவு? பாலத்தைப் பாருங்கள். நகருக்கு அப்போது லண்டன் பாலம் ஒன்றுதான். வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் கட்டி முடிந்து திறந்தது 1750-இல். போதாததற்குச் சதுப்பு நிலம் வேறு. இன்று அங்கே வாட்டர்லூ ரயில் நிலையம்.

வரைபடத்தில் இல்லாததையும் தேடுங்கள். பாடிங்டனிலிருந்து இஸ்லிங்டனுக்கு நியூ ரோடு என்ற சாலைக்கு 1756-இல் சட்டம் போட்டார்கள். ஸ்மித்ஃபீல்டு சந்தைக்கு ஓட்டிப்போகும் மாடுகள் ஊருக்குள் நுழையாமல் வெளியே சுற்றிப் போகட்டும் என்பது எண்ணம். இன்றைய மேரிலபோன் சாலையும் யூஸ்டன் சாலையும் அதன் பகுதிகள். ஒரு நகலில் அதைப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். கோடு பெரும்பாலும் வயல்களுக்கு நடுவேதான் ஓடியது.